சேமிக்கவா என்று கேட்ட பெட்டி

மருத்துவமனை வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த ஒருத்தி ஒரே அடியில் ஒரு முரடனைச் சாய்த்தாள். அவன் விழுந்த அதிர்ச்சியில் கட்டடமே குலுங்கி, மேல்மாடியில் படுத்திருந்தவர்களுக்கெல்லாம் காய்ச்சல் இறங்கிவிட்டது. சரி, காய்ச்சல் இறங்கியது நான் சேர்த்த உப்பு. ஆள் விழுந்தது நிஜம். அவள் விரல் நசுங்கியதும் நிஜம்.

அவளை எல்லோரும் சேமிப்பக்கா என்பார்கள். மருந்துக் கட்டில் வரும் ரப்பர் வளையம், ஒரு பக்கம் வெறுமையான தாள், மூடி தொலைந்த பேனா, எதையும் தூக்கிப் போட மாட்டாள். அவள் அம்மா பிள்ளைகளைத் திட்டுவதென்றாலும் கொஞ்சுவதென்றாலும் "சேமி" என்ற சொல்லில்தான் முடிப்பாள். அப்படி வளர்ந்தவளிடம் கணினித் திரையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்து, "கடவுச்சொல்லைச் சேமிக்கவா?" என்று கேட்டால் என்ன ஆகும்? இவ்வளவு பொறுப்பான கேள்விக்கு வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சேமி என்று தட்டிவிட்டாள்.

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி அதைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டான்.

"அக்கா, இது பூட்டைப் பூட்டிட்டுச் சாவியை அதுலயே தொங்க விடுற வேலை."

"நல்லாப் பாருடா. எல்லாம் புள்ளி புள்ளியாத்தானே இருக்கு? யாருக்கு என்ன தெரியும்?"

"படிக்கத்தான் முடியாது. உள்ளே போகலாமே! அதை எடுத்துடுங்க."

"எடுக்கிறேன். அன்னைக்கு மூச்சு முட்டின குழந்தையைத் தூக்கிட்டு வந்தாளே, அவகிட்ட வந்து நீ பதில் சொல்லு."

அந்தக் கதை தம்பிக்கும் தெரியும். சேமிப்பதற்கு முன்பு ஒரு நாள், மாதாமாதம் மாறும் கடவுச்சொல்லை அவள் அவசரத்தில் மூன்று முறை தப்பாக அடிக்க, கணினி கதவைச் சாத்திக்கொண்டது. நீலம் பாரித்த பிள்ளையை ஏந்திய தாய் மேசையில் தலையை முட்டி முட்டி நெற்றியைக் கிழித்துக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. மேசையில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தவள் சேமிப்பக்காதான். அதற்குப் பிறகு புள்ளிகளை அழி என்று யார் சொன்னாலும் அவள் காதில் ஏறாது.

ஒரு மதியம் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். அவள் புருஷன் குழாய் வேலை செய்கிறவன். குழாய் திருகும் ரெஞ்சால் அவள் முகத்தில் அடித்துவிட்டு ஓடியிருந்தான். தாடை இரண்டாக உடைந்திருந்தது. மருத்துவர்கள் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். இனி அவளால் கத்தக்கூட முடியாது. அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று ஒருவருக்கும் சொல்லக்கூடாது, அறைப்பலகையில் பெயர் எழுதக்கூடாது என்று உத்தரவு. அறை எண் கணினியில் மட்டும் இருந்தது. அதைப் பதிந்து, பக்கத்தில் சிவப்பாக "சொல்லாதே" என்று குறித்தவளும் சேமிப்பக்காதான்.

இரண்டு நாள் கழித்துத் தோளில் கருவிப் பையோடு ஒருவன் வந்தான். கருவிப் பை வைத்திருப்பவனை மருத்துவமனையில் யார் நிறுத்தப் போகிறார்கள்? எங்கேயாவது ஒரு குழாய் ஒழுகிக்கொண்டுதானே இருக்கும்.

"மேடம், என் வீட்டுக்காரி இங்கே இருக்காளாம். பழம் வாங்கிட்டு வந்திருக்கேன்," என்று பெயரைச் சொன்னான். குரலில் தேன் ஒழுகியது.

"அந்தப் பேர்ல இங்கே யாரும் இல்லீங்களே," என்றாள் சேமிப்பக்கா, கண் இமைக்காமல்.

அவன் சண்டை போடவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். அவள் எழுந்து போவதும், வருவதற்குள் திரை தானாகப் பூட்டிக்கொள்வதும், வந்தவள் ஒரே ஒரு பொத்தானைத் தட்ட எல்லாம் திறப்பதும் அவன் கண்ணில் பட்டன. வாசலில் விபத்தில் அடிபட்டவனோடு வண்டி வந்து நின்றது. அவள் தள்ளுபடுக்கையைப் பிடிக்க ஓடினாள்.

திரும்பி வந்தபோது அவள் நாற்காலி இன்னும் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. மேசையில் ஒரு பழப் பொட்டலம். திரையில் அந்தப் பெண்ணின் பெயர், அறை எண், அவள் கையாலேயே குறித்த சிவப்புச் "சொல்லாதே".

அவள் செருப்பை உதறிவிட்டுப் படியேறினாள்.

அறைக்குள் நுழையும்போதே முதல் அடி விழுந்துவிட்டது. கட்டிலில் கிடந்தவள் தலையைக் காக்கத் தூக்கிய கையில் இறங்கி, முழங்கைக்குக் கீழே எலும்பு வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நின்றது. அந்தப் பெண்ணின் கட்டிய வாய்க்குள்ளிருந்து ஓர் ஓசை வந்தது. அதை அழுகை என்று சொல்ல முடியாது. ரெஞ்சு மறுபடி உயர்ந்தது. சேமிப்பக்கா அவன் முதுகில் பாய்ந்து காதைக் கடித்தாள். வாயெல்லாம் ரத்தம். அவன் பின்னுக்குப் போய் அவளைச் சுவரோடு சேர்த்து அறைந்தான். முன்பல் இரண்டு தரையில் உருண்டன. எழப் போனவள் கட்டில் கம்பியைப் பிடித்தாள். அந்தக் கையின் மேலேயே ரெஞ்சு இறங்கியது. ஆள்காட்டி விரல் தட்டையாயிற்று.

"சொல்லமாட்டேன்னியேடி! உன் பெட்டி சொல்லிடுச்சு!" என்று அவன் சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் அவளை எழுப்பியது. சுவரில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கினாள். ஒரே அடி. அவன் மரம் போலச் சாய்ந்தான். மண்டை பிளந்து, அவனுடைய ரத்தம் கட்டிலுக்கடியில் ஓடியது. காவலர்கள் வரும்வரை அவன் எழவில்லை.

கட்டுப் போட்ட கையோடு அவள் கணினித் தம்பியிடம் வந்து நின்றாள்.

"திட்டுடா."

"திட்டலக்கா. குழந்தையும் நிக்கக்கூடாது, அவனும் நுழையக்கூடாது. ரெண்டுக்கும் சேர்த்து ஒண்ணு பண்றேன்."

கடவுச்சொல் கணினியிலேயே இருக்கும். ஆனால் விரலை வைத்தால்தான் அது அசையும் என்று ஒரு சின்னக் கருவியைப் பொருத்தினான். எழுந்தால் உடனே பூட்ட ஒரு பொத்தான். அவள் பழக்கத்தில் ஆள்காட்டி விரலை வைத்தாள். கருவி அதை விரலென்றே ஒப்புக்கொள்ளவில்லை. கட்டைவிரலை வைத்த பிறகுதான் திறந்தது.

பல மாதம் போய், மேசைக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு அவள் வேலை சொல்லிக்கொடுத்தாள். "சேமிக்கவான்னு எந்தப் பெட்டி கேட்டாலும், யாரோட உயிரைன்னு முதல்ல கேளு," என்று தொடங்கியவள் பழைய கதைக்குத் தாவிவிட்டாள். "சிலிண்டரைத் தூக்கினேன் பாரு, ஒரே போடு! மண்டை ரெண்டு!"

வரிசையில் தாடையைக் காட்ட வந்து நின்றிருந்தவள் எட்டிப் பார்த்தாள். கம்பி எடுத்துவிட்டார்கள், பேச்சு மட்டும் இன்னும் கொஞ்சம் கோணல்.

"அக்கா, ஏன் இப்படி அளக்கிறீங்க? நீங்க தூக்கினது வரைக்கும் சரி. அதுக்குள்ள உடையாத கையால ட்ரிப்ஸ் ஸ்டாண்டைப் பிடுங்கி அவன் மண்டையில போட்டது நான். சிலிண்டர் விழுந்தது உங்க கால் மேல."