மத்தாய் என்பதற்கு நான் போட்ட சொல்

மெரிலேண்ட்ஸ் என்ற புறநகரில், விசா வழக்குகள் பார்க்கும் சிறிய சட்ட அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். மொழிபெயர்க்கப்பட்டு வரும் வாக்குமூலங்களின் ஆங்கிலத்தைச் சீராக்குவது என் பொறுப்பு. பக்கத்து மேசையில் இருப்பவர் சமோவாத் தீவு மொழியின் மொழிபெயர்ப்பாளர், என்னைவிட மூத்த பெண்மணி.

ஒருநாள் அவர் தன் ஊர்க்காரர் ஒருவரின் வாக்குமூலத்தைத் தந்தார். அந்த ஊர்க்காரர் தன்னைக் குறிப்பிட்டிருந்த 'மத்தாய்' என்ற சொல்லை அப்படியே வைத்து, கீழே எட்டு வரி விளக்கம் எழுதியிருந்தார். பெரிய குடும்பம் கூடிப் பேசி ஒருவருக்குக் கொடுக்கும் பட்டம் அது. குடும்பக் காணியைப் பட்டம் பெற்றவர் எல்லோருக்குமாகப் பராமரிப்பார், விற்க முடியாது. குடும்பம் நினைத்தால் பட்டத்தைத் திரும்ப எடுத்துவிடலாம்.

அன்று பின்னேரமே அனுப்பவேண்டும். எட்டு வரியையும் வெட்டிவிட்டு 'சீஃப்' என்று போட்டேன். காணியைப் பராமரிப்பவரை 'ஓனர்' ஆக்கினேன். மொழிபெயர்ப்பாளரிடம் கேட்கவில்லை.

சில மாதங்களில் மறுப்புக் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் ஊர்த் தலைவர், சொந்தக் காணி உள்ளவர், திரும்பிப் போவதில் அவருக்குச் சிரமமில்லை என்று இருந்தது. அந்த மனிதர் கடிதத்தோடு வந்து நின்றார்.

"எனக்கு எப்ப காணி சொந்தமானது?" என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார்.

"நான் அப்படி எழுதவில்லை," என்றார் அவர். எங்கள் சட்டத்தரணி அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் கணினியில் அடுத்த வாக்குமூலத்தைத் திறந்தேன்.

சொல் செய்யும் வேலை எனக்குத் தெரியாததல்ல. என் அகதி நேர்காணலில், என்னைக் கட்டாயமாக இழுத்துப்போனவர்களைப் பற்றி, "என்னைப் பிடிச்சுக்கொண்டு போனவை" என்றேன். "நான் அவர்களோடு போனேன்" என்று ஆங்கிலத்தில் பதிவானது. அதைத் திருத்த இரண்டு வருடம் போனது. அந்த நாட்களில் கதவு தட்டப்பட்டாலே விளக்கை அணைத்துவிடுவேன். அதே பயத்தை இப்போது இன்னொரு வீட்டுக்குள் அனுப்பிவிட்டேன்.

வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி இருந்தேன். என்னவென்று கேட்காமல் மனைவி விடவில்லை, எல்லாம் சொன்னேன்.

"வேலை போயிடும் எண்டு பயமா இருக்கு."

"போனாப் போகட்டும். நீங்கள் வாய் திறக்காட்டி அந்த மனுசிதான் பிழை விட்டதெண்டு ஆகிடுமெல்லோ? நாளைக்குப் போய்ச் சொல்லுங்கோ."

மறுநாள் சட்டத்தரணியிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பழைய மொழிபெயர்ப்பை மேன்முறையீட்டோடு முழுதாக இணைத்து, மாற்றியது நான்தான் என்று சத்தியக்கடதாசி எழுதவைத்தார்.

மேன்முறையீட்டு விசாரணையில் அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் மாற்றினீர்கள்?"

"நீளமாக இருந்தது," என்றேன்.

அவர் எட்டு வரியையும் சத்தமாக வாசித்தார். பின்வரிசையில் அந்த மனிதரின் மனைவி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

முடிவு வர ஏழு கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், ஆனது. ஒவ்வொரு காலையும் மின்னஞ்சலைத் திறக்கப் பயந்தேன். கடைசியில் அந்த மனிதரை இங்கேயே இருக்க அனுமதித்தார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது; வேலை போகவில்லை.

மொழிபெயர்ப்பாளர் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. தான் தரும் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் இப்போது, 'மாற்றுவதானால் என்னைக் கேளுங்கள்' என்று பென்சிலால் எழுதுகிறார். நானும் கதிரையை இழுத்துப் போட்டு, அவர் பக்கத்தில் போயிருந்து கேட்கிறேன்.