வெளியே போட்ட நாற்காலி

என் மருமகள் வில்லியனூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் ஊரில் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். இவளோ ஒரு நாள் காலையில் பாத்திரமெல்லாம் துலக்கிக் கவிழ்த்துவிட்டு, "போயிட்டு வரேன் அத்த" என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவள்தான். பிறகு ஒரு நாள் என் மகனுக்குப் போன் செய்து ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"கவுன்சிலிங்குக்கு எல்லாரும் வாங்க. இல்லன்னா வக்கீலைப் பாத்துக்கலாம்."

வக்கீல் என்றால் எங்களுக்கு ஆகாது. நாங்கள் பாகூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் வைத்துப் பிழைக்கிறவர்கள். எங்கள் வகையறாவில் யாரும் கோர்ட்டுப் படி ஏறியதில்லை. மகன் வேறு சரியாகச் சாப்பிடாமல் செல்போனையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

கவுன்சிலிங் என்றால் பஞ்சாயத்துக்கு வைத்த புதுப்பெயர் என்றுதான் நினைத்தேன். கோபித்துக்கொண்டு போன பெண்ணை அழைக்கப் போகும்போது வெற்றிலை பாக்கு, பூ, பழமெல்லாம் தாம்பாளத்தில் வைத்து, பையனின் தாய்மாமனை முன்னால் விட்டுக்கொண்டு போவது எங்கள் பழக்கம். அதையேதான் செய்தேன். கரும்பு வெட்டு நடந்ததால் என் வீட்டுக்காரர் வரவில்லை. என் அண்ணன் வந்தார். ஊரில் எத்தனையோ பஞ்சாயத்து பேசியவர். இஸ்திரி போட்ட சட்டையும் தோளில் துண்டுமாக, ஆட்டோவில் வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார்.

வாரத்தில் ஒரு நாள் பாகூர் ஆஸ்பத்திரியின் பின்பக்க அறையில் கவுன்சிலிங் நடக்கும். எங்களுக்கு முன்பே மருமகள் வந்து உட்கார்ந்திருந்தாள். கவுன்சிலர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். எனக்கு ஒரு மகள் இருந்தால் அவள் வயதுதான் இருக்கும். "இந்தப் பொண்ணா நமக்குத் தீர்ப்பு சொல்லப்போவுது?" என்று அண்ணன் என் காதைக் கடித்தார். எனக்கும் அதே நினைப்புதான்.

அண்ணன் தாம்பாளத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "தப்பு யாரு மேலன்னு நீயே சொல்லிடும்மா" என்றார்.

"இங்க தீர்ப்பு இல்லீங்க ஐயா. ஒக்காருங்க" என்றாள் அவள். பிறகு என் மகனைப் பார்த்து, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"அவன் எப்படி இருப்பான் மேடம்? சோறு தண்ணி இல்லாம..." என்று நான் ஆரம்பித்தேன்.

"அவரு சொல்லட்டும்மா."

நான் விடுகிற ஆளா? மறுபடி வாயைத் திறந்தேன். மறுபடியும் அதே குரலில், கொஞ்சமும் சலிப்பில்லாமல், "அவரு சொல்லட்டும்மா." மூன்றாவது தடவையும் அப்படியே. என்னைப் பெற்றவளாலேயே அடக்க முடியாத வாய் இது. மகன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணன் செருமினார். அவள் காத்திருந்தாள். இத்தனை நேரம் பேசாமல் ஒருத்தி காத்திருந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"அவ இல்லாம வூட்டுக்கே போவப் புடிக்கல மேடம்" என்றான் கடைசியில். என் எதிரில் அவன் அப்படி ஒரு வார்த்தை பேசியதே இல்லை. அதைக் கேட்கக் கூச்சமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

பிறகு அவள் எங்கள் எல்லோரையும் எழுந்திருக்கச் சொன்னாள். "வூட்டுல சாப்பிடறப்போ யார் யார் எங்க இருப்பீங்களோ, அந்த மாதிரி நாற்காலியப் போட்டு ஒக்காருங்க. பேச வேணாம்."

நான் யோசிக்கவே இல்லை. நாற்காலியை இழுத்து மகனை ஒட்டிப் போட்டேன். அண்ணன் ஃபேனுக்கு அடியில் போய் உட்கார்ந்தார். மருமகள் நாற்காலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். இங்கே பார்த்தாள், அங்கே பார்த்தாள். அப்புறம் அதைத் தூக்கிக்கொண்டு போய் வாசற்படிக்கு வெளியே வராந்தாவில் போட்டு, எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். மருந்துச் சீட்டோடு நின்றவர்கள் எல்லாம் அவளையே பார்த்தார்கள்.

"இன்னாடி இது, நாடகமா?" என்று கத்திவிட்டேன்.

கவுன்சிலர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. மருமகளைப் பார்த்து, "அங்கருந்து இன்னாம்மா தெரியுது?" என்று கேட்டாள்.

"யாரு எலையில இன்னா தீந்துபோச்சுன்னு தெரியும் மேடம். சமையக்கட்டு வாசல்ல நின்னு அதத்தான் பாத்துக்கினு இருப்பேன். மூணு வருஷத்துல ஒரு நாள்கூட இவங்களோட ஒக்காந்து சாப்பிட்டதில்ல."

"எங்க வூட்டு வழக்கம் மேடம் அது. நானும் என் மாமியாருக்கு அப்படித்தான் நின்னேன்" என்றேன்.

"அப்ப உங்களுக்கு எப்படிம்மா இருந்துச்சு?"

இருபத்தாறு வருஷம் நின்றிருக்கிறேன். மருமகள் வந்த அன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் நின்றதெல்லாம் மறந்துபோனது. எல்லார் முன்னாலும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பஞ்சாயத்தாக இருந்தால் அந்த இடத்தில் தப்பு என் மேல்தான் என்று என்னைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். என் அண்ணனே பிடித்திருப்பார். அந்தப் பெண் பிடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள விட்டாள். பிறகு தாம்பாளத்திலிருந்த பழத்தைப் பிய்த்து ஆளுக்கொன்று கொடுத்து, "அடுத்த வாரம் தட்டு வேணாம், நீங்க மட்டும் வாங்க" என்றாள். தீர்ப்பு சொல்லத் தெரிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சொல்லாமல் இருக்கத் தெரிந்தவளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அண்ணன் அதற்குப் பிறகு வரவில்லை. ஆனால் டீக்கடையில் உட்கார்ந்து, "கெட்டிக்காரப் பொண்ணுபா, என் தங்கச்சியவே வாய மூட வெச்சிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். சொல்லட்டும், உண்மைதானே.

நாலாவது வாரம் மறுபடியும் நாற்காலி போடச் சொன்னாள். என் கை பழக்கத்தில் மகன் பக்கம் போய்விட்டது. சட்டென்று நின்றேன். எங்கே போடுவது என்று தெரியவில்லை. கடைசியில் தூக்கிக்கொண்டு போய் வராந்தாவில் போட்டு உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் உள்ளே இருக்கிற மகனும் மருமகளும் கவுன்சிலரும் ஒரு குடும்பமாகவும் நான் மட்டும் யாரோவாகவும் தெரிந்தது.

மருமகள் எழுந்து வந்து என் நாற்காலியின் முதுகைப் பிடித்தாள்.

"வெளிய வேணாம் அத்த. நான் ஒக்காந்து பாத்துட்டேன். உள்ள வாங்க."

அன்றைக்கு அவள் வில்லியனூர் பஸ்ஸில் ஏறவில்லை.