இருபத்துநாலு இழை

கலைமதியைப் பற்றி யார் கேட்டாலும், அவள் என் மேசையை நாசம் பண்ணின கதையைத்தான் நான் முதலில் சொல்வேன். செஞ்சி கூட்டு ரோட்டில் எனக்கு ஜெராக்ஸ் கடை. வீட்டில் அவள் எனக்கு எதிர்வாசல். அந்த உரிமையில், தான் செய்த மெழுகுவத்தி ஒன்றை எனக்குக் கொடுத்தாள். கடையில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் அதைப் பெருமையாக ஏற்றினேன். முக்கால் மணி நேரம் கூட ஆகவில்லை. டப்பென்று டம்ளர் வெடித்து, மெழுகு அப்படியே வழிந்து, யாரோ ஒரு புண்ணியவானின் ஆதார் நகல் நாலைந்தும் பாழ்.

அன்றைக்கு நான் கத்திய கத்தலுக்கு எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். கூடவே இருந்த கலைமதி கண்ணாடிச் சில்லைப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஏனென்றால் எனக்கு விஷயம் தெரியும். ஆறு வருஷம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தவள் அவள். விடியற்காலை ஐந்து மணிக்கு வேன் வந்து ஹாரன் அடிக்கும். இருட்டிய பிறகுதான் வீடு. பசை வாடை ஒத்துக்கொள்ளாமல் இருமல் பிடித்துக்கொண்டது. டாக்டர் வேலையை விட்டு நிற்கச் சொன்னார், நின்றாள். நின்ற மூன்று மாதத்தில் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, கண்ணாடி டம்ளருக்குள் மெழுகு ஊற்றி நடுவில் திரி நிறுத்துகிற இந்த வேலையைக் கற்றுக்கொண்டாள். மல்லிகை வாசனை வேறு. இருமலும் குறைந்தது. ஆனால் வேன் சூப்பர்வைசர் போன் செய்து, வருகிற திங்கட்கிழமை வரவில்லை என்றால் சீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

"அதுக்குள்ள இந்த மெழுகுவத்தி வேல கால் ஊணிடுச்சின்னா போதும்க்கா. திரும்ப அந்த வேன்ல மட்டும் ஏறவே மாட்டன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது என் கடையில் சில்லு பொறுக்குகிறாள்.

"இன்னாடி போட்ட அதுல? பட்டாசு மருந்தா?" என்றேன்.

"திரிதான்க்கா. ரெண்டா முறுக்கிப் போட்டன். வீடியோவுல ஒண்ணுதான் போடறாங்க. ஒத்தத் திரி எப்படிக்கா போடறது?"

அவள் கேட்டதும் நியாயம்தான். நம் பக்கத்தில் ஒற்றைத் திரி ஏற்றுவது செத்தவர் தலைமாட்டில்தான். நல்ல விளக்கென்றால் இரண்டு திரியைச் சேர்த்து முறுக்கினால்தான் கைக்கே சமாதானம். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். திட்ட முடியாமல் போனதில் எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது.

மறுநாள் வல்லத்திலிருந்து ரத்தினம்மாள் வந்தார். மகள் பூங்குழலிக்கு வளைகாப்பு, பத்திரிகை கலர் பிரிண்ட் எடுக்க வேண்டும். மேசையில் ஏற்றாமல் கிடந்த இன்னொரு டம்ளரை எடுத்து மோந்து பார்த்தார். விடுவேனா நான்? எதிர்வீட்டுப் பெண் கையால் செய்தது, அப்படி இப்படி என்று அளந்து விட்டேன். வெடித்ததை மட்டும் சொல்லவில்லை.

"நூறு வேணும்மா. வளையலோட ஆளுக்கு ஒண்ணு குடுத்துடலாம்" என்றார். "வெள்ளிக்கிழமை வந்து ஏத்திப் பாப்பன். நல்லா எரிஞ்சா சரி. ஆனா ரெட்டத் திரியா போடச் சொல்லு. மாசமா இருக்கற பொண்ணு, ஒத்தையா குடுத்துத் தொலைக்கப் போறா."

கேட்டதும் கலைமதிக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வந்தன. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள். அவள் வீட்டில் ஃபேன் இல்லாமல் யாரும் இருக்கமாட்டார்கள், ஃபேன் காற்றில் சுடர் ஆடும். அதனால் என் கடையின் பின்னறையைக் கேட்டாள். ஜெராக்ஸ் கடைக்குள் நெருப்பு! எனக்குத்தான் புத்தி எங்கே போனதோ, சரி என்றுவிட்டேன். ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேர்த்து வேர்த்து உட்கார்ந்திருந்தோம். வெளியே பாறை கொதிக்கிற வெயில்.

என் கடை ஸ்கேலாலேயே டம்ளர் வாயை அளந்தாள். இரண்டரை அங்குலம். அவளிடம் மூன்று பாக்கெட் திரி இருந்தது. ஒன்றில் 18 ப்ளை, ஒன்றில் 24, ஒன்றில் 30 என்று போட்டிருந்தது.

"இன்னாடி இது நம்பரு?"

"செருப்பு சைஸ் மாதிரிக்கா. பெருசுன்னா தடி."

வெடித்தது இருபத்துநாலைத்தான் இரண்டாக முறுக்கியது. மறுபடியும் அதே மாதிரி ஒன்று ஏற்றினாள். சுடர் விரல் நீளத்துக்கு எழும்பி, கரி கக்கி, தொட முடியாத அளவுக்குக் கண்ணாடி சுட்டது. ஊதி அணைத்தோம். சின்னது இரண்டை முறுக்கினாலும் அதே புகை. சரி, பார்ப்பதற்கு மட்டும் ஒற்றையாகப் போடு என்றேன். மனசே இல்லாமல் போட்டாள். பதினெட்டு, பாவம், நடுவில் மட்டும் கிணறு தோண்டிக்கொண்டு உள்ளே இறங்கி, தன் மெழுகிலேயே மூழ்கி அணைந்தது. ஓரத்து மெழுகெல்லாம் உருகாமல் அப்படியே நின்றது. முப்பது ஒற்றையாகவே புகைந்தது.

வியாழக்கிழமை இருபத்துநாலை ஒற்றையாக ஏற்றினோம். சுடர் ஆடவில்லை, கரியில்லை. மெழுகு மெல்ல மெல்ல உருகி, இரண்டரை மணி நேரத்தில் டம்ளரின் ஓரத்தைச் சுற்றித் தொட்டது. கண்ணாடியைக் கையில் பிடித்தேன், வெதுவெதுப்பு அவ்வளவுதான். அறை முழுக்க மல்லிகை. நான் கைதட்டியே விட்டேன்.

அவள் முகம் மட்டும் தெளியவில்லை.

"ஒத்தையா இருக்குதேக்கா."

"நல்லா எரியுதுல்ல? அப்புறம் இன்னா?"

"மாசமா இருக்கறவங்க கையில இத எப்படிக் குடுப்பன்? நாளைக்கு ஒண்ணுன்னா என் மனசு ஆறுமா? ரெண்டு போட்டா வெடிக்குது. உட்டுடுக்கா. திங்கக்கிழமை வேனுக்குப் போறன்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் திரிப் பாக்கெட்டையே தூக்கி எறிந்தேன். "இருமி இருமிச் சாவப் போறியா? போ! இருபத்துநாலு ப்ளையாம் ப்ளை! ப்ளைன்னா இன்னான்னு கூடத் தெரியாம மூணு நாளா என் உயிர வாங்குன!"

பாக்கெட்டைப் பொறுக்கக் குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள்.

"அக்கா, ப்ளைன்னா இழைக்கா" என்றாள் மெதுவாக. "கம்பெனில தையல் நூலு மூணு ப்ளைன்னுதான் சொல்லுவாங்க. மூணு இழை முறுக்கி ஒரு நூலு."

ஊக்கை எடுத்து ஒரு திரியின் நுனியைப் பிரிக்க ஆரம்பித்தாள். சடை மாதிரி பின்னியிருந்தது அது. பிரியப் பிரிய இழை இழையாக வந்தது. நான் எண்ணினேன், அவள் எண்ணினாள், இரண்டு பேரும் சேர்ந்து இன்னொரு தடவை எண்ணினோம். இருபத்துநாலு. ஆறு வருஷம் அந்த வார்த்தையைக் காதில் கேட்டவள், பாக்கெட்டில் பார்த்ததும் செருப்பு சைஸ் என்று நினைத்திருக்கிறாள்! நான் சிரித்த சிரிப்பில் அவளும் சிரித்து, சிரிப்பில் கொஞ்சம் இருமலும் வந்தது.

வெள்ளிக்கிழமை ரத்தினம்மாள் வந்ததும் டம்ளரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இன்னாம்மா, ஒத்தையாத்தான போட்டிருக்கற?"

என்னைப் பேச விடாமல் கலைமதியே அவர் கையில் ஒரு திரியையும் ஊக்கையும் கொடுத்தாள். "பிரிச்சுப் பாருங்கம்மா. உங்களுக்குச் சரின்னு பட்டா மட்டும் வாங்குங்க."

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரிக்கப் பிரிக்க, நாங்கள் இரண்டு பேரும் கூடவே மனசுக்குள் எண்ணினோம். பிரிண்ட் எடுக்க வந்தவர்களைக் கூட நான் கவனிக்கவில்லை. விரல்விட்டு எண்ணி முடித்து நிமிர்ந்தார்.

"நான் ரெண்டுதான் கேட்டன். நீ இருபத்துநாலு போட்டுக் குடுக்கற!" என்று சொல்லி, டம்ளரைத் தன் கையாலேயே ஏற்றினார். சுடர் கரியில்லாமல் நின்று எரிவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வர வியாழக்கிழமைக்கு நூறும் தயாரா இருக்கணும், ஆமா."

அந்தச் சனியும் ஞாயிறும் எதிர்வீட்டில் மெழுகு வாசனைதான். திங்கட்கிழமை ஐந்து மணிக்கு வேன் வந்தது. ஹாரன் அடித்தது, மறுபடியும் அடித்தது. தூக்கம் கெட்ட எரிச்சலில் டிரைவரைத் திட்டலாம் என்று ஜன்னலைத் திறந்தேன். கலைமதி வாசலில் நின்றிருந்தாள். பழைய நைட்டி, முழங்கை வரை மெழுகு, கையில் நறுக்காத திரிக் கற்றை.

"சீட்ட வேற யாருக்காச்சும் குடுத்துடுங்கண்ணே. எனக்கு இங்க வேலை இருக்குது."

வேன் போயிற்று. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கென்னவோ அழுகை வந்துவிட்டது. என் மேசையில் அந்த மெழுகுக் கறை இன்னும் இருக்கிறது. யார் சுரண்ட வந்தாலும் நான் விடுவதில்லை.