முதுகுப் பஞ்சு

டீயை விட்டவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருக்கக் கூடாது. எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு பின்கட்டில் பால் கொதித்துக்கொண்டிருக்கிறது. பால்கோவாவுக்குச் சுண்டுகிற பால் என்று மூளைக்குத் தெரிகிறது, மூக்குக்குத் தெரியவில்லை. விறகுப் புகையோடு சேர்ந்து வருகிற அந்த வாசனையில், குறைகிற டீத்தூளை என் நாக்கே போட்டுக்கொள்கிறது. கற்பனையில் ஒரு கிளாஸ் டீ தயாராகிவிட்டால் கூடவே ஒரு சிகரெட்டும் வேண்டியிருக்கிறது. எனக்கு இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. நேற்றுக் காலை நடைக்குப் போனவன் அப்படியொரு வீட்டு வாசலில் நின்றுவிட்டேன். அந்த வீட்டம்மா வெளியே வந்து யாரைப் பார்க்கணும் என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நெஞ்சில் அடைப்பு என்று மதுரைக்குக் கொண்டுபோய்க் குழாய் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். ராஜபாளையத்தில் என்னைப் பார்க்கிற டாக்டர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகப் பேசுவார். சிகரெட் அறவே கிடையாது என்றார். டீயும் காபியும் உள்ளே போனால் சிகரெட்டைத் தேடும், அதனால் அதையும் சேர்த்து விட்டுவிடுங்கள் என்றார். நான் அரை மனதாகத் தலையாட்டுவதைப் பார்த்துவிட்டு, “இன்னொரு தடவை இப்படி வந்தீங்கன்னா நான் ஒண்ணும் சொல்ல முடியாது சார்” என்றார். என் வீட்டுக்காரி அங்கேயே அழுதுவிட்டாள். அவள் அழுததால்தான் எனக்கும் பயம் வந்தது.

விடுவது என்று முடிவுசெய்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. அதை நான் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். விட்ட பிறகு வருகிற சில்லறைத் தொந்தரவுகள்தான் ஆளைக் கொல்கின்றன. முதல் சில நாள் தலைவலி. காலைக்கடன் என்ற ஒன்று நடப்பதற்கே ஒரு டீயும் ஒரு சிகரெட்டும் முன்பணம் கட்டவேண்டும் என்று என் வயிறு இத்தனை காலமும் பழகியிருந்தது, அது வேலைநிறுத்தம் செய்தது. போன் மணி அடித்தால் கை சட்டைப் பைக்குப் போகிறது, போனை எடுக்க அல்ல. சாப்பிட்டு எழுந்தால் வாசலுக்கு நடக்கிறேன், அங்கே போய் என்ன செய்வது என்று தெரியாமல் செருப்பைத் திருப்பிப் போட்டுவிட்டு வருகிறேன். எல்லாவற்றையும்விடப் பஸ் நிறுத்தம். சிகரெட்டைப் பற்றவைத்தால்தான் பஸ் வரும் என்பது என் வாழ்நாள் அனுபவம். இப்போது பற்றவைப்பதில்லை, ஆகவே பஸ்ஸும் வருவதில்லை.

வீட்டுக்காரி சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டு ஒரு பானம் தருகிறாள். அதற்குக் காபி என்று பெயர் வைத்தவனை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. வாயில் கிராம்பு அடக்கிக்கொள்ளச் சொல்கிறாள். கிராம்பைக் கடித்துத் துப்பிவிட்டு ஒருநாள் அவள்மேலேயே எரிந்து விழுந்தேன். அவள் கோபப்படவில்லை, முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “சவரியண்ணன் வருசா வருசம் நாப்பது நாளு விடுவாக. கூடவே திரிஞ்ச ஆளுக்குச் செத்த நேரம் இருக்க முடியலையாக்கும்.”

அந்தப் பெயரை அவள் எடுத்திருக்கக் கூடாது. அல்லது இன்னும் முன்னாலேயே எடுத்திருக்க வேண்டும்.

சவரிமுத்துவும் நானும் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கார்டிங் பிரிவில் ஃபிட்டர்கள். நான் சுந்தரபாண்டியத்திலிருந்து போய் மில்லுக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன், ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிவந்தது ஓய்வுக்குப் பிறகுதான். அவன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவான். கார்டிங் என்றால் பஞ்சைச் சீவி எடுக்கிற இடம். உள்ளே எப்போதும் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது புருவம், மீசை, காது மயிர் எல்லாம் நரைத்துப் போய், இருபத்தைந்து வயசுக்காரர்கள் எல்லாரும் பென்ஷன் வாங்கப் போகிறவர்கள் மாதிரி இருப்போம். பஞ்சு இருக்கிற இடத்தில் நெருப்பு ஆகாது. அதனால் கேட்டில் வாட்ச்மேன் எல்லாருடைய தீப்பெட்டியையும் வாங்கி ஒரு மரப்பலகையின் பொந்துகளில் வரிசையாகச் சொருகி வைப்பார். போகும்போது அவரவர் தீப்பெட்டியை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். எட்டு மணிநேரம் தீப்பெட்டியில்லாமல் இருந்த ஆண்கள் அந்தப் பலகையை நோக்கி வருகிற வேகத்தை, அதே மில்லில் காலையில் வேலைக்குப் போகும்போது ஒருநாளும் பார்க்க முடியாது.

கேட்டுக்கு எதிரே டீக்கடை. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சாயங்காலம், டீ வருவதற்கு முன்பே அவசரப்பட்டுத் தீக்குச்சியைக் கிழித்தேன். கையில் படிந்திருந்த பஞ்சு குப்பென்று பிடித்து முழங்கை வரை ஓடியது. பக்கத்தில் நின்ற ஒருவன் பளார் பளாரென்று என் கையில் அடித்து அணைத்தான். ரோமம் பொசுங்கிய வாடையோடு என்னை மேலும் கீழும் பார்த்து, “ஏலே, நீயே ஒரு பஞ்சு மூட்ட. தீய வைக்க முந்தி ஒன்ன நீ பாக்கலையா? திரும்பு” என்றான். திரும்பினேன். முதுகில் மொத்து மொத்தென்று தட்டினான். அவன்தான் சவரி.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. முன்பக்கத்தை அவரவரே தட்டிக்கொள்ளலாம், முதுகுக்கு இன்னொரு ஆள் வேண்டும். அவன் ‘திரும்பு’ என்பான், என் முதுகைத் தட்டுவான். பிறகு அவன் திரும்புவான், நான் தட்டுவேன். அதற்குப் பிறகுதான் தீக்குச்சி. மேஸ்திரியிடம் அவன் திட்டு வாங்கிய நாட்களில் என் முதுகில் விழுகிற தட்டு கொஞ்சம் பலமாகவே இருக்கும்.

டீ குடித்து முடிப்பதற்கும் அவனுடைய பஸ் வருவதற்கும் நடுவே ஒரு சிகரெட்டுக்குத்தான் நேரம். ஆகவே ஆளுக்குப் பாதி. முதல் பாதி எனக்கு. கடைசிப் பாதியில்தான் காரம் என்பது அவன் கட்சி. நான் பாதி வந்ததும் பார்க்காமலே கையை இடதுபக்கம் நீட்டுவேன், அவன் விரல் வந்து வாங்கிக்கொள்ளும். இருவருக்கும் கல்யாணம் ஆன பிறகும் இது மாறவில்லை.

தவக்காலம் வந்தால் மட்டும் சவரி வேறு ஆள். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வேலைக்கு வருவான். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை டீயும் கிடையாது, சிகரெட்டும் கிடையாது. ஆனால் கடைக்கு என்னோடு வருவான். வெந்நீர் கேட்பான். ஏற்கெனவே ஒருவர் டீ குடித்து வைத்த கிளாஸைக் காட்டி, அதைக் கழுவாமல் அப்படியே ஊற்றித் தரும்படி கடைக்காரரிடம் கெஞ்சுவான். கடைக்காரர் தெலுங்கில் ஏதோ முனகிக்கொண்டு ஊற்றித் தருவார். அப்புறம் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, என் புகை தன் முகத்துக்கு வருகிற இடமாகத் தேடி நின்றுகொள்வான். புகையை முகர்வது விரதத்தில் சேருமா என்று சாமியாரிடமே கேட்டிருக்கிறான். சாமியார் மூக்குப்பொடி போடுகிறவர், அதனால் அந்தப் பேச்சை வளர்க்கவில்லையாம். நான் பழக்க தோஷத்தில் பாதி சிகரெட்டை இடதுபக்கம் நீட்டிவிடுவேன். அவன் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு என் கையை மெதுவாகத் திருப்பி என் வாய்க்கே கொண்டுவந்து விடுவான்.

எப்படித்தான் இருக்கிறாய் என்று ஒரு தடவை கேட்டேன். “அது வரும்லே. வந்து பக்கத்துல நிக்கும். நம்ம பாட்டுக்கு வேற சோலியப் பாத்தோம்னா, கேக்க ஆளில்லன்னு போயிரும். பொறவு திரும்பி வரும். வரட்டும்.” வேறு சோலி என்று அவன் சொன்னது என் முதுகைத்தான். கை சும்மா இருக்க முடியாமல் ஒரு பிசிறு விடாமல் பொறுக்கிக்கொண்டிருப்பான். தவக்காலத்தில் மட்டும் என் சட்டை கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி சுத்தமாக இருக்கும்.

ஈஸ்டர் அன்று காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கி என் வீட்டுக் கதவைத் தட்டுவான். வீட்டுக்காரி போட்டுத்தருகிற டீயை வேண்டாம் என்பான், கடை டீதான் வேண்டும். அந்த ஒருநாள் மட்டும் முதல் பாதி அவனுக்கு. இழுத்ததும் இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, சிரிப்பான். மனுஷன் அவ்வளவு சந்தோஷமாக இருப்பதைப் பார்க்கவே எனக்கு அந்தப் பண்டிகை பிடித்திருந்தது.

ஒரு ஈஸ்டரில் வழக்கம்போல வந்தான். என் முதுகைத் தட்டினான், லீவு நாளில் அங்கே பஞ்சு ஏது என்று நான் கேட்கவில்லை. தானே தீக்குச்சியைக் கிழித்து என் சிகரெட்டைப் பற்றவைத்தான். முதல் பாதியை அவனிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

“முழுசும் நீயே குடி. இனி எனக்கு டீயும் வேண்டாம், அது இதத் தேடும். சின்னவளுக்கு இளைப்பு. எஞ் சட்டையில இருக்க வாசத்துக்கே அவளுக்கு மூச்சு வாங்குது.”

அவன் மகளுக்கு அப்போது மூன்று வயசு இருக்கும். அவளுக்குச் சரியாகிற வரைக்குமா என்று கேட்டேன்.

“ஆண்டவருக்கு நாப்பது நாளுன்னு கணக்கு வச்சுக் கொடுத்தேன். பிள்ளைக்குக் கணக்கு வச்சா கொடுக்க முடியும்?” என்றான்.

அதோடு எங்கள் சாயங்காலம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். டீயும் சிகரெட்டும் இல்லாதவனுக்கு எதிர்க்கடையில் என்ன வேலை? ஷிப்ட் விட்டதும் கேட்டுக்கு முன்னாலேயே ஒரு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிற்கும், டீக்காக அவன் அதுவரை தினமும் போகவிட்ட பஸ். அதில் ஏறினால் இருட்டுவதற்கு முன் வீடு. மறுநாள் தீப்பெட்டிப் பலகையருகே நான் மெதுவாகவே போனேன். அவன் பஸ்ஸைப் பார்த்தான். அது கிளம்பிப் போனதையும் பார்த்தான். பிறகு என்னிடம் வந்து “திரும்பு” என்றான்.

அதற்குப் பிறகு வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற வரை ஒவ்வொரு சாயங்காலமும் அந்தப் பஸ்ஸைப் போகவிட்டான். வெந்நீர் குடித்தான், கழுவிய கிளாஸில். என் முதுகைத் தட்டினான். நான் பற்றவைத்ததும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, புகை தன்மேல் படாத பக்கமாக நகர்ந்து நின்றான். அவன் இருக்கும்போது நான் குடிக்கப்போவதில்லை என்று ஒருநாள் சொல்லிப்பார்த்தேன். எனக்காக எதையும் விடாதே, விட்டால் உனக்காக விடு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்குச் சுலபமாக வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

இந்த மூன்று வாரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மில்லின் பழைய ஆட்கள் நாலைந்து பேர் தினமும் கூடுவார்கள். என்னைப் பார்த்ததும் கை காட்டுகிறார்கள். நான் பார்க்காத மாதிரி எதிர்ச்சாரியில் நடந்துவிடுகிறேன். அவர்கள் கையில் இருப்பதன் பக்கத்தில் என்னால் ஐந்து நிமிஷம் நிற்க முடியாது. சவரி அத்தனை வருஷமும் ஒரு சிகரெட் எரிகிற நேரம் முழுக்க நின்றான். எனக்காக நின்றான். அதை நினைத்தால் எனக்கு வெட்கத்தைவிடப் பெருமையாகத்தான் இருக்கிறது, என் பக்கத்திலும் ஒரு மனுஷன் அப்படி நின்றிருக்கிறான் என்று. அதை அவனிடம் சொல்ல வழியில்லை. சிகரெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

நேற்று மத்தியானம் ராஜபாளையத்தில் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கை கொடுத்தார். வெளியே வந்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் வந்தால் என்ன செய்வது என்று எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். கால் தானாகப் பழைய மில் பக்கம் போனது.

மில் இருக்கிறது, கேட்டை அடுத்த ரோட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பழைய கேட் இருந்த இடத்தில் சுவர். தீப்பெட்டிப் பலகை என்ன ஆனதென்று கேட்க வாட்ச்மேனும் இல்லை. எதிரே கண்ணாடி போட்ட பேக்கரி, டீயைக் காகிதக் கப்பில் தருகிறார்கள். நான் டீ சொல்லவில்லை, அந்த அளவுக்கு யோக்கியன். ஒரு சிகரெட் மட்டும் வாங்கினேன். ஒன்றே ஒன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாயில் வைத்தேன். கடைக்காரர் லைட்டரை நீட்டினார்.

நான் அதை வாங்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். ஏன் நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மலைப்பக்கத்துக் காற்று சட்டைக்குள் புகுந்தது, ஒரு கையும் வந்து விழவில்லை. அப்புறம்தான் நான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்று புரிந்தது.

“என்ன சார், முதுகுல எதும் பட்டுருச்சா?” என்று கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

பஞ்சு ஒட்டியிருக்கிறதா பாருங்கள் என்றேன். அவர் கல்லாவை விட்டு இறங்கி வந்து, நிதானமாகப் பார்த்தார்.

“ஒண்ணுமே இல்லையே சார். சுத்தமாத்தான் இருக்கு.”

சிகரெட்டைக் கடையின் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்துவிட்டு, கொஞ்சம் வெந்நீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஒன்று வந்து நின்றது. அதைப் போகவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.