கேமராவுக்கு முதல் வரிசை

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு வாயுக் கிடங்கில் என் அண்ணன் பம்பு ஆபரேட்டர். அங்குள்ள கேமராக்களும் கசிவைக் கண்டறியும் சென்சார்களும் குறுகலான ஒரே ரேடியோ இணைப்பு வழியாகத்தான் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி அனுப்பும். எந்தச் செய்திப் பாக்கெட் முதலில் போகும், எது காத்திருக்கும் என்று தீர்மானிக்கும் நிரலை, கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் அடிவயிற்றில், எழுதிச் சேர்த்தவள் நான்.

திரையில் படம் விக்கி விக்கி வருகிறது என்று அங்கிருந்த அதிகாரி உயிரை எடுத்தார். சரி என்று கேமராவுக்கு முதல் வரிசை கொடுத்தேன். அந்த வரிசை காலியானால்தான் மற்றவை நகரும். அசைவைக் கண்டால் மட்டுமே கேமரா படம் அனுப்பும்; சென்சார் அனுப்புவதோ துக்கடாச் செய்தி, எந்த இடுக்கிலும் நுழைந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பழைய பதிவுகளைப் புரட்டியபோதுதான் கவனித்தேன். ஷிப்ட் மாறும்போதெல்லாம் சென்சார் செய்திகள் தாமதமாகியிருந்தன. ஆட்கள் கூட்டமாக நடக்க, எல்லாக் கேமராக்களும் ஒருசேரப் படம் அனுப்பியிருக்கின்றன. அன்று மாலை அண்ணனிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

"நம்ம ஏரியாவுல காத்து நாறாத நாளு எது சொல்லு? எனக்கு மூக்கு கீதும்மா. நீ இன்னாத்துக்கு பேஜாராவுற?"

திங்கட்கிழமை திருத்திக்கொள்ளலாம் என்று நானும் ஆறப்போட்டேன்.

சனிக்கிழமை காலை வால்வு கசிந்தது. வாடை பிடித்தவர்கள் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். ஓடிய ஒவ்வொருவரையும் கேமராக்கள் பார்த்தன. பார்த்ததையெல்லாம் என் நிரல் முதலில் அனுப்பியது. ஆட்கள் ஓட ஓட, வாயுச் செய்தி பின்னாலேயே நின்றது. அது கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேராததால் சைரன் ஒலிக்கவில்லை.

ஓடியவர்கள் எல்லாரும் வெளியே வந்த பிறகுதான் சைரன் அலறியது. எந்த இடத்தில் கசிவு என்பதும் அப்போதுதான் திரையில் தெரிந்தது: மூன்றாம் பம்பு. முகமூடி அணிந்த இருவர் அங்கே ஓடி, சுயநினைவில்லாமல் கிடந்த அண்ணனைத் தூக்கி வந்தார்கள்.

மறுநாள் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். கடைசிவரை படம் அனுப்பிக்கொண்டிருந்தது மூன்றாம் பம்பின் கேமராதான். அண்ணன் வால்வை மூடப் போராடுகிறான். இருமுகிறான். குழாயைப் பிடித்தபடி தவழ்கிறான். பிறகு அசைவில்லை. அசைவு இல்லாததால் கேமரா நிறுத்திக்கொண்டது. வரிசை காலியானது. அடுத்த நொடி வாயுச் செய்தி போயிருக்கிறது. நான் பாவி, அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

நிரலை அன்றே திருத்திவிட்டேன். அண்ணன் பிழைத்துக்கொண்டான், மாடிப்படி ஏறும்போது மட்டும் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறான். பார்க்க வருகிற எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறான்:

"என் தங்கச்சி செஞ்சதுபா அந்த சைரனு. அது மட்டும் அடிக்கலன்னா நான் பூட்ட கேஸு."

அவன் விழுந்து கிடந்ததால்தான் அது அடித்தது என்று நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.