செனைதா சுரண்டாத சுவர்

ஒஹாக்கா நகரத்து ஓவியக் கல்லூரியில் படித்துப் பேர் வாங்கியவர்களைப் பற்றிக் கனமான புத்தகம் ஒன்று உண்டு. பரிசு, பட்டம், வெளிநாட்டுக் கண்காட்சி என்று பக்கம் பக்கமாகப் போகும். அங்கே துப்புரவு வேலை பார்த்த செனைதா மட்டும் எழுதியவர்களின் கண்ணில் படவே இல்லை. என்ன கண்களோ!

படிப்பை முடிக்கும் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து முற்றத்து நீளச் சுவரில் ஓர் ஓவியம் தீட்டிவிட்டுப் போவது வழக்கம். அதற்கு ஒரு வருடம்தான் ஆயுள். பிறகு அதை அடியோடு சுரண்டி, சுண்ணாம்பு அடித்து, அடுத்த பிள்ளைகளுக்குத் தர வேண்டியது செனைதாவின் பொறுப்பு. அவளோ சுரண்டுவதில்லை. ஓவியத்தின்மேல் மாவுப் பசையை மெல்லிசாகத் தடவிக் காயவிட்டு, அதற்குமேல் சுண்ணாம்பு அடித்துவிடுவாள். என்றைக்காவது பசையை நனைத்தால் மேல்பூச்சு மட்டும் கழன்று வரும் என்று அவளுக்குத் தெரியும். முப்பத்தோரு வருடம் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்தச் செப்டம்பரில் சுவரை இடித்து வாசலை அகலப்படுத்த முடிவானது. கொத்தனார்கள் சுவரோரத்தைக் கடப்பாரையால் பெயர்க்கவும் தொடங்கிவிட்டார்கள். செனைதா ஓய்வுபெற இன்னும் மூன்றே மாதம். உண்மையைச் சொன்னால் உத்தரவை மீறியதற்கு வேலை போகும், சொல்லாவிட்டால் சுவர் போகும். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு முதல்வர் அமரந்தாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அமரந்தாவும் அங்கே படித்தவள்தான். முதலில் நம்பவில்லை. பிறகு, இத்தனை வருடம் ஏமாற்றினாயா என்று பொரிந்து தள்ளிக்கொண்டே முற்றத்துக்கு வந்தாள். கடப்பாரை பெயர்த்த விளிம்பை ஈரத் துணியால் துடைத்தாள்.

வெள்ளை, நிறம், வெள்ளை, நிறம் என்று மயிரிழை மயிரிழையாகக் கோடுகள். மேலிருந்து நகத்தால் எண்ணிக்கொண்டே போனவள் இருபத்திரண்டாவதில் நின்றாள். அடர்த்தியான நீலம்.

"இது நாங்க அடிச்ச நீலம், செனைதாம்மா. ஊர்ல இருந்த நீலத்தையெல்லாம் நாங்கதான் வாங்கித் தீத்தோம்."

கடப்பாரையைக் கீழே வைக்கும்படி கொத்தனார்களுக்குக் கை காட்டினாள். அவர்கள் தொப்பியையும் கழற்றிவிட்டார்கள். அறுநூறு பிள்ளைகளின் கைவேலை ஒரு விரல் பருமனுக்குள் அடுக்கடுக்காக உறங்கிக்கொண்டிருந்தது. நினைத்தாலே மெய் சிலிர்க்கிறது.

"எல்லா வருஷமும் முழுசா இருக்கா?" என்றாள் அமரந்தா.

செனைதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்ல, டீச்சர். முதல் வருஷம் சொன்னபடி ஒரு சாண் சுரண்டிட்டேன். ஒரு பொண்ணோட முகம், பாதி போயிடுச்சு. யார் வரைஞ்சதுன்னு தெரியல. தெரிஞ்சா சொல்லுங்க, நான் போய் மன்னிப்புக் கேக்கணும்."