சாரதியை எப்போது எடுப்பது?

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தொலைபேசி அடித்தால் அது சோமண்ணைதான். எட்டு வருடமாக அப்படித்தான். அன்றும் அவருடைய இலக்கமே விழுந்தது. எடுத்ததும் சுகம் விசாரிக்காமல் தொடங்கிவிட்டேன்.

“என்ன, பார்த்தியளே? உங்கடை சாரதி முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு படுத்திட்டான்! அடுத்த கிழமை ஆரை வைச்சு ஓட்டப் போறியள்?”

மறுபக்கத்தில் வந்தது அவருடைய மகள் வாசுகியின் குரல். “அங்கிள், நான் வாசுகி. அப்பா விடியப்புறம் போயிட்டார். ஹார்ட் அட்டாக். அம்புலன்ஸ் வர முதலே...”

எனக்குச் செய்தி வந்தது இப்படித்தான். கடைசியாக நான் கொடுத்த ஏச்சு அவர் காதில் விழவில்லை என்ற குறை இன்னும் இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகமாகக் கொடுத்த கல்வெட்டை நீங்களும் வாசித்திருப்பீர்கள். சோமசேகரம் அவர்கள் சிட்னியில் இருபது வருடம் பஸ் ஓட்டியதும் ஹெலன்ஸ்பர்க் கோயிலில் தொண்டு செய்ததும் அதில் உண்டு. அவர் உயிராய் விளையாடிய விளையாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். “அங்கிள், இது கல்வெட்டுக்குப் பொருந்தாது” என்று திருப்பித் தந்தார்கள். பொருந்தும். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

சிட்னியில் ஒலிம்பிக் நடந்த மறுவருடம் ஓய்வு பெற்றவர்களும் ஷிஃப்ட் வேலைக்காரர்களுமாக எட்டுப் பேர் பென்டில் ஹில்லில் சோமண்ணையின் கராஜில் கூடித் தொடங்கினோம். அமெரிக்கரின் கால்பந்து அது. பெயரில் கால் இருந்தாலும் கையால் எறிந்து விளையாடுவது. அங்கே ஞாயிறு நடப்பது இங்கே திங்கள் காலையில் வரும், தேநீரோடு பார்க்கலாம். அதன் விதிகளை நூலகப் புத்தகம் ஒன்றை வைத்து நானே படித்தேன். எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. மற்ற ஏழு பேருக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதையும் எவரும் நினைவு வைத்திருக்கவில்லை, போகட்டும்.

எங்கள் ஆட்டம் கடதாசியில். உண்மையான வீரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்து, ஆளுக்கொரு அணி அமைக்க வேண்டும். ஒருவர் எடுத்த வீரனை மற்றவர் எடுக்க முடியாது. அந்த வீரன் அங்கே திடலில் ஓடினால், எறிந்தால், பிடித்தால் இங்கே நமக்குப் புள்ளி. கிழமைக்குக் கிழமை இருவர் இருவராக மோதுவோம், எவரும் எடுக்காத வீரனை இடையிலும் எடுக்கலாம். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு இந்தத் தெரிவு நடக்கும், சுற்றுக்கு ஆளுக்கொரு வீரனாக.

ஒவ்வோர் அணிக்கும் குவாட்டர்பாக் ஒருவன் வேண்டும். பந்து அவன் கையிலிருந்துதான் புறப்படும். அவனுக்குச் ‘சாரதி’ என்று தமிழ்ப் பெயர் வைத்தவனும் நான்தான். சாரதியை முதல் சுற்றிலேயே எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. கடைசிச் சுற்றில் எடுத்தால் போதும் என்பது சோமண்ணையின் கட்சி.

முதல் வருடமே அவரைக் கேட்டேன். “சாரதி இல்லாமல் பஸ் ஓடுமே அண்ணை? நீங்களே ஒரு சாரதி, நீங்கள் இப்பிடிச் சொல்லலாமே?”

“சாரதி எண்டபடியால்தான் சொல்லுறன் ஐசே,” என்றார். எவரையும் அவர் ஐசே என்றுதான் கூப்பிடுவார். “நான் ஒருநாள் வராட்டில் டிப்போவிலை இன்னொருத்தன் நிப்பான். பஸ் போகும். ஆனால் பஸ்ஸே இல்லாட்டில் நாங்கள் எல்லாரும் நிண்டு சிகரெட் பத்த வேண்டியதுதான்.”

அவர் சொன்ன பஸ், பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஓட்டக்காரர்கள். அணிக்கு இரண்டு பேர் வேண்டும். நல்லவர்கள் மிகச் சிலரே. சாரதிகளோ முப்பதுக்கு மேல் இருக்கிறார்கள், எங்களுக்குத் தேவை எட்டுப் பேர்தான். வாதம் பிழை என்று அன்றும் சொன்னேன். அந்த வருடக் கோப்பை அவருக்குப் போனது. அதற்கடுத்த வருடமும் அவருக்கே.

இன்னொரு காரணமும் எனக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு இராகு காலம். அணியின் தலையாய ஆளை அந்த நேரத்தில் எடுக்க என் மனம் ஒப்பாது. அதனால் நாலரைக்கு முன்னரே என் சாரதியை எடுத்துவிடுவேன். நாலாம் வருடம் நான் எடுத்து முடித்ததும் சோமண்ணை சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து விரித்தார்.

“ஐசே, நீர் பாக்கிறது ஆருடைய இராகு காலம்?”

“எல்லாருக்கும் ஒண்டுதானே. நாலரை.”

“அது ஊரிலை. பொழுது பட முதல் ஒன்றரை மணித்தியாலம். இஞ்சை இப்ப பொழுது ஐஞ்சு முப்பத்தாறுக்குப் படுது. சிட்னி இராகு காலம் நாலு ஆறுக்கே தொடங்கிட்டுது. நீர் உம்மடை சாரதியை எடுத்தது நாலு பத்துக்கு. டைம்டேபிள் ஊருக்கு ஊர் மாறும் ஐசே!”

கராஜ் அதிர்ந்தது. புள்ளிகளைக் குறித்து வைக்கும் மதுரைக்காரர் கண்ணன் சிரித்துச் சிரித்துக் கதிரையோடு சரிந்தார். “நாலு வருஷமா ராகு காலத்துலயே எடுத்திருக்கீங்களே அங்கிள்!” மூன்று கிழமை, இருபத்தொரு நாள், சோமண்ணையோடு நான் பேசவில்லை. இரண்டாம் கிழமையே என் சாரதியின் தோள் கழன்றது தற்செயல். அடுத்த வருடம் தெரிவை இரண்டு மணிக்கு மாற்றினேன், கொள்கையை மாற்றவில்லை.

இனி அந்தக் கடைசிக் கிழமைக்கு வருகிறேன். அவர் இறந்த திங்கட்கிழமை எங்களுக்கு அரையிறுதி. சனியன்றே தன் அணியைக் கொடுத்துவிட்டிருந்தார். சாரதி பாதியில் விழுந்தும் ஓட்டக்காரர்கள் இருவரும் சேர்ந்து வென்று கொடுத்தார்கள். நானும் வென்றேன். எட்டு வருடத்தில் முதல் தடவையாக இறுதியாட்டத்தில் அவரும் நானும். அவர் இல்லை.

இறுதிச் சடங்கு முடிந்து மண்டபத்தில் சாப்பிடும்போது கண்ணன் என் காதருகே குனிந்தார். “அங்கிள், அவரு டீமை நிறுத்திடலாம். கப் உங்களுக்குத்தான். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

எனக்கு வந்த கோபத்தில் கோப்பைத் தேநீர் சிந்திவிட்டது. “எட்டு வருஷம் அந்த மனிசனை வெல்லக் காத்திருந்தனான். அவர் வரேல்லை எண்டு வெல்லுறதுக்கோ? அணி விளையாடும்!”

“சரி அங்கிள். யார் நடத்துறது? அவருக்கு இப்ப சாரதியே இல்லையே.”

கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் வாசுகியின் தாய் மனோ அக்கா என் கையில் ஒரு நீலக் கொப்பியைத் தந்தார். “இது உங்கடை விளையாட்டுக் கொப்பியாம் தம்பி. எனக்கு உதுகள் விளங்காது. நீங்களே பாருங்கோ.”

வீட்டுக்கு வந்து திறந்தேன். நடுப்பக்கத்தில் ‘டிப்போ’ என்று தலைப்பு. எவரும் எடுக்காமல் கிடக்கும் சாரதிகளின் பட்டியல். எந்தக் கிழமை எவன் நலிந்த அணியோடு மோதுகிறான் என்று பென்சிலால் குறித்திருந்தார். இறுதிக் கிழமைக்கு நேரே ஒரு பெயரைச் சுற்றி வட்டம். போன மாதம்தான் விளையாட வந்த, மீசை முளைக்காத ஒருவன். என் சாரதியோ முதல் சுற்றில் எடுத்த பெரிய புள்ளி. பக்கத்தைத் திருப்பிவிட்டு வேறொரு பெயரைக் கொடுத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. அந்த நினைப்பு வந்தது, மறைக்க மாட்டேன். வட்டமிட்ட பெயரைக் கண்ணனுக்குச் சொல்லிவிட்டுத்தான் படுத்தேன்.

திங்கள் காலை! நான் அமர்ந்திருந்தது ஐந்து நிமிடம்கூட இராது. என் சாரதி கோட்டுக்குள் இரண்டு எறிந்தான், ஒன்றுக்கு நாலு புள்ளி, அழகான எறிகள். மீசையில்லாதவன் ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு மூன்றாவது. பதினொரு மணியளவில், மற்ற வீரர்களையும் கூட்டினால் சோமண்ணை மூன்று புள்ளி பின்னால், கடைசி நிமிடம் ஓடுகிறது. மீசையில்லாதவன் பின்வாங்கினான், வழுக்கினான், விழுந்துகொண்டே எறிந்தான். கோட்டுக்குள் ஒருவன் ஒற்றைக் கையால் பிடித்தான்! எனக்கு எதிராக நானே துள்ளிக் குதித்துக் கத்தினேன். கதிரை விழுந்தது.

குசினிக்குள்ளிருந்து என் மனைவி கேட்டார். “என்னப்பா சத்தம்? ஆர் வெண்டது?”

“சோமண்ணை!”

“அவர்தானே செத்துப் போனார்?”

“அதைத்தானே சொல்லுறன்!”

ஒரே ஒரு புள்ளி. ஒரு புள்ளியால் வென்றார். கோப்பை இப்போது அவருடைய படத்துக்கு முன் இருக்கிறது.

இதைக் கொண்டு நான் கட்சி மாறிவிட்டேன் என்று கண்ணன் சொல்லித் திரிகிறாராம். இல்லை. ஓர் ஆட்டத்தால் ஒன்றும் நிறுவப்படாது. ஆனால் கொப்பியின் முதல் பக்கத்தை அதன் பிறகுதான் பார்த்தேன். எட்டுப் பேரின் பெயர்களும் அதில் இருந்தன. என் பெயருக்கு நேரே எழுதியிருந்தார்: “முதல் சுற்றிலேயே சாரதி எடுப்பார். மாறவே மாட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் பயந்து எடுப்பார்கள். ஓட்டக்காரர் எனக்கு மிஞ்சுவர்.”

கெட்டிக்கார மனிதர்! எட்டு வருடம் அவர் முதலில் தெரிந்தெடுத்தது ஓட்டக்காரனை அல்ல, என்னை. நான் ஒரு தடவை வளைந்திருந்தால் அவருடைய பஸ் டிப்போவை விட்டு வெளிக்கிட்டிராது. இதையும் கல்வெட்டில் போட்டிருக்கலாம்.

கொப்பியை வாசுகியிடம் கொடுத்துவிட்டேன். இனி எட்டாவது ஆள் அவள்தான். “அங்கிள், எனக்கு ஒண்டும் தெரியாதே” என்றாள். “அதிலை இருக்கிறபடி செய் பிள்ளை, போதும்” என்றேன். நான் என்னிடம் வைத்துக்கொண்டது ‘மாறவே மாட்டார்’ என்ற அந்த ஒரு வரியை மட்டும்தான். வருகிற ஆகஸ்டிலும் முதல் சுற்றிலேயே என் சாரதியை எடுப்பேன். சோமண்ணையின் கொப்பி பிழையாகக் கூடாது.